மனதுக்குள் ‘மாட்டேன்’ என்று நிற்பதை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது எப்படி? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்து ஒன்றிரண்டு வருடம் ஆன விசுவாசிகள் ஆயரிடம் அடிக்கடி கொண்டுவரும் குறை இது: “ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டே இருக்கிறது.” பொறுமையாகப் பேசிப் பார்த்தால், ஏதோ ஒரு காரியத்தில் ஆண்டவர் வழிகாட்டியிருப்பதும், அதற்கு இவர் மனம் இணங்காமல் நிற்பதும் வெளியே வரும். உபவாசக் கூட்டத்தில் “என்னையே தருகிறேன்” என்று கண்ணீரோடு கை உயர்த்தியவருக்குக் கூடப்பிறந்த அண்ணனோடு நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இருக்காது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அண்ணன் பெயர் அந்த ஜெபத்தில் வரவே இல்லை.

ஒப்புக்கொடுத்தல் மொத்தமாக ஒரே நாளில் நடப்பது அபூர்வம். ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு பதவி, ஒரு ஊர் என்று ஒவ்வொன்றாகத்தான் பிடி தளரும். ஆகவே இந்தக் கட்டுரை உங்கள் முழு வாழ்க்கையையும் பற்றிப் பேசவில்லை. இப்போது அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு காரியத்தை எடுத்து, அதை இரண்டு வாரம் ஆண்டவர் முன் கொண்டுபோவது எப்படி என்று மட்டும் சொல்கிறது.

வேண்டியவை அதிகமில்லை. தினமும் அரை மணி நேரம், முடிந்தால் காலையில். வேதாகமம் ஒன்று. வீட்டில் வேறு யாரும் எடுத்துப் படிக்காத ஒரு நோட்டு. கைபேசியில் எழுதாதீர்கள்; நடுவில் வாட்ஸ்அப் வந்து நிற்கும். நீங்கள் நம்பிப் பேசக்கூடிய முதிர்ந்த விசுவாசி ஒருவரும் வேண்டும். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக இருப்பது நல்லது. அவர் உங்கள் சம்பளத்துக்கோ சொத்துக்கோ திருமணத்துக்கோ சம்பந்தப்பட்டவராக இருக்கக்கூடாது.

முதல் படி: எது என்று கண்டுபிடியுங்கள்

முதல் இரண்டு நாள் இதற்கு மட்டும். சங்கீதம் 139:23, 24 வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள்: “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்” என்று தொடங்கும் பகுதி. பிறகு பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மனதில் எது வந்தாலும் நோட்டில் ஒரு வரி. ஊறப்போட்ட துணி, கரண்ட் பில் எல்லாம் வரும்; அதையும் எழுதிவிட்டுத் தொடருங்கள். இரண்டாம் நாளும் அதே பெயரோ காரியமோ திரும்பி வந்தால், அல்லது எழுதப் பேனாவை எடுத்தும் கை தயங்கினால், அங்கே ஒரு வட்டம் போடுங்கள்.

எதிர்ப்பு நேராக ‘மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்குச் சில பழக்கமான முகங்கள் உண்டு. அந்த விஷயத்தைத் தொடும் பிரசங்கம் வந்தால் பிரசங்கியார்மேல் எரிச்சல் வரும். அதைத் தவிர மற்ற எல்லா ஊழியத்திலும் முன்னால் நிற்போம். ஐந்து பேரிடம் ஆலோசனை கேட்டு, நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் ஆறாவது ஆளைத் தேடுவோம். “மகள் கல்யாணம் முடியட்டும்”, “லோன் முடியட்டும்” என்று தேதி தள்ளிக்கொண்டே போகும். “இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்” என்ற பதில்கூட, தெளிவான கட்டளை இருக்கும் காரியத்தில், தள்ளிப்போடுவதற்கான மரியாதையான வார்த்தைதான்.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை இந்த இரண்டு நாளில் ஒரே மூச்சில் வாசியுங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரும்படி தேவன் அனுப்பும்போது, எரிகிற முட்செடிக்கு முன் நின்ற மோசே ஐந்து தடவை தயங்குகிறார். “நான் எம்மாத்திரம்” என்கிறார் (3:11). உம்முடைய நாமம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வேன் என்கிறார் (3:13). என்னை நம்பமாட்டார்கள் என்கிறார் (4:1). நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்கிறார் (4:10). இந்த நான்குக்கும் தேவன் பொறுமையாகப் பதில் தருகிறார்: கூட இருப்பேன் என்கிறார், நாமத்தைச் சொல்கிறார், அடையாளம் தருகிறார், வாயை உண்டாக்கியது யார் என்று கேட்கிறார். கேள்வி எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஐந்தாவது வருகிறது: “நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்” (4:13). இதில் கேள்வியே இல்லை. உள்ளே முதலிலிருந்தே இருந்தது இதுதான். தேவன் கோபப்படுவதும் இந்த இடத்தில்தான். அப்போதும் அவர் மோசேயைத் தள்ளிவிடவில்லை. ஆரோனைத் துணைக்குத் தருகிறார், ஆரோன் அதற்குள் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான்.

உங்கள் நோட்டில் உள்ள தடைகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பதில் கிடைத்தால் நகர்ந்துவிடும் தடை எது? பதில் கிடைத்தாலும் நகராத தடை எது? முதல் வகை நியாயமான கேள்வி, தயங்காமல் கேளுங்கள். இரண்டாவது வகைக்குத்தான் இந்த இரண்டு வாரமும்.

இரண்டாம் படி: இது ஆண்டவருடைய வழிதானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள். மனதில் எழும் எதிர்ப்பு எல்லாமே பிடிவாதம் ஆகிவிடாது. சில சமயம் அது மனசாட்சி. சில சமயம் பரிசுத்த ஆவியானவர் தரும் எச்சரிக்கை.

வட்டம் போட்ட காரியம் மூன்றில் எந்த வகை என்று பாருங்கள். வேதம் நேரடியாகக் கட்டளையிட்ட காரியமாக இருக்கலாம்: மன்னிப்பது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, பொய்க் கணக்கை நிறுத்துவது, வேலைக்காரருக்குக் கூலியை நேரத்துக்குக் கொடுப்பது, பெற்றோரைக் கவனிப்பது. இதற்கு அடையாளம் கேட்க வேண்டியதில்லை, தரிசனமும் வேண்டியதில்லை. நேராக மூன்றாம் படிக்குப் போகலாம்.

இரண்டு பக்கமும் பாவமில்லாத தெரிவாகவும் இருக்கலாம்: எந்த வேலை, எந்த ஊர், யாரைத் திருமணம் செய்வது, முழுநேர ஊழியமா இல்லையா. இதில் அவசரம் ஆகாது. வசனத்தின் பொதுவான போக்கு, உங்களை நன்றாக அறிந்தவர்களின் ஆலோசனை, சூழ்நிலை, ஜெபத்தில் நிலைத்து நிற்கும் சமாதானம் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டும்வரை காத்திருக்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் (1805–1898) தேவசித்தம் அறியும் முறையை விளக்கும்போது, அந்தக் காரியத்தைக் குறித்துத் தனக்கென்று சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவருவதை முதலில் வைத்தார். மக்களுக்கு வரும் சிரமத்தில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேதான் என்பது அவர் கருத்து. வசனமும் சூழ்நிலையும் பார்ப்பது அதற்குப் பிறகு. வரிசையைத் தலைகீழாக்கினால், நமக்குப் பிடித்ததற்கு வசனம் தேடுவதில் போய் முடியும்.

மூன்றாவது வகை, வேறொருவர் ஆண்டவர் பெயரில் உங்கள்மேல் வைக்கும் கோரிக்கை. “ஆண்டவர் எனக்கு உங்களைக் குறித்துச் சொன்னார்” என்று தொடங்கி, பணத்திலோ நிலத்திலோ திருமணத்திலோ வேலையை விடுவதிலோ முடியும் பேச்சு எதுவானாலும் 1 இராஜாக்கள் 13ஐ எடுத்து வாசியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு, பெத்தேலில் அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியாய்த் திரும்பாதே என்று தெளிவான கட்டளை இருந்தது. அங்கே இருந்த வயதான தீர்க்கதரிசி, தூதன் தன்னோடு பேசினான் என்று சொல்லி அவனைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறான். “அவனிடத்தில் பொய் சொன்னான்” என்று வேதம் அங்கேயே எழுதிவைக்கிறது. நம்பிப் போனவன் வழியில் சிங்கத்தால் செத்தான். வயதும் பட்டமும் தீர்க்கதரிசி என்ற பெயரும் இருந்தாலும் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு கேட்கிறவனுக்கு உண்டு. சோதிப்பது எதிர்ப்பு ஆகாது. 1 தெசலோனிக்கேயர் 5:21 அதைக் கட்டளையாகவே தருகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் “ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்” என்று சொல்வது தேவசித்தத்தின் பெயரில் செய்யும் அநியாயம். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது ஓடினார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கித் தப்பவிட்டார்கள். நாசரேத்தூரார் செங்குத்தான மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது இயேசு அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். ஆபத்திலிருந்து விலகுவதைக் கீழ்ப்படியாமைக் கணக்கில் எழுதாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

மூன்றாம் படி: மறுப்பை மறைக்காமல் எழுதுங்கள்

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. நோட்டில் ஒரு புதிய பக்கம். மேலே இப்படி எழுதுங்கள்: “ஆண்டவரே, எனக்கு இது வேண்டாம், ஏனென்றால்…” வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதலாம், ஜெப மொழி வேண்டாம். எழுதிய காரணத்துக்குக் கீழே மறுபடியும் ‘ஏனென்றால்’ போட்டுத் தொடருங்கள். நான்கைந்து முறை இறங்கினால் அடியில் ஒன்று நிற்கும். உதாரணத்துக்கு ஒரு பக்கம்:

“அண்ணனிடம் நான் முதலில் போய்ப் பேச முடியாது. ஏனென்றால், தப்பு அவர்மேல். ஏனென்றால், அப்பா எழுதிவைத்த கிணற்றுப் பங்கை அவர் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஏனென்றால், நான் போய் நின்றால் அது சரி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஏனென்றால், அப்புறம் எனக்கு நியாயம் கேட்க யாருமே இருக்கமாட்டார்கள். ஆண்டவரே, நீரும் கேட்கமாட்டீர் என்று பயமாக இருக்கிறது.”

கடைசி வரியைப் பாருங்கள். கிணற்றில் தொடங்கி, ஆண்டவர்மேல் உள்ள அவநம்பிக்கையில் வந்து நிற்கிறது. ஒப்புக்கொடுக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். மேலே உள்ளதை மட்டும் ஒப்புக்கொடுத்துவிட்டு இதை உள்ளேயே வைத்திருந்தால், அடுத்த மாதம் வேறொரு காரணத்தோடு அது திரும்பி வரும். அடியில் நிற்பது பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: இழந்துவிடுவோம் என்ற பயம், மானம் போய்விடும் என்ற கூச்சம், ஆறாத கோபம், அல்லது ஆண்டவர் நல்லவர்தானா என்ற சந்தேகம்.

யோனாவின் புத்தகம் இதற்கு மிகச் சரியான பாடம். நினிவேக்குப் போ என்று தேவன் சொன்னதும், முதல் அதிகாரத்தில் அவர் யோப்பாவுக்குப் போய், கூலி கொடுத்து, தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறார். ஏன் என்று அங்கே சொல்லவே இல்லை. நினிவே கொடிய பட்டணம், பயந்திருப்பார் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார். மீனின் வயிற்றில் ஜெபிக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் கீழ்ப்படிந்து போய்ப் பிரசங்கிக்கிறார். நான்காம் அதிகாரம் 2ஆம் வசனத்தில்தான் உண்மை வெளிவருகிறது: நீர் இரக்கமும் மன உருக்கமும் உள்ள தேவன் என்று எனக்குத் தெரியும், “இதினிமித்தமே” ஓடினேன் என்கிறார். பிரச்சினை பயம் இல்லை, கோபம். நினிவே தப்பிவிடக்கூடாது என்ற ஆசை. கால் போன பிறகும் மனம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தேவன் அதைப் பற்றி அவரோடு பேச முடிகிறது: “நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?” நோட்டில் உண்மையை எழுதினால் தேவன் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

நான்காம் படி: கெத்செமனே ஜெபம்

ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை தினமும் ஒரே மாதிரி ஜெபியுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒரு சங்கீதம். அடுத்த ஐந்து நிமிடம் நோட்டில் எழுதிய பக்கத்தை ஆண்டவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் அமைதி. கடைசிப் பத்து நிமிடம் ஒப்புக்கொடுக்கும் ஜெபம். முழங்காலில் நிற்க முடிந்தவர்கள் நிற்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்த்தபடி மடியில் விரித்து வைக்கலாம். உடம்பு செய்வதை மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தொடரும்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு ஜெபித்ததைச் சொல்லும் மத்தேயு 26:36–46ஐ முதல் நாளே கவனமாக வாசியுங்கள். முதல் ஜெபத்தில் இயேசு, கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று தம் விருப்பத்தைச் சொல்கிறார். “ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல” என்று முடிக்கிறார். இரண்டாவது ஜெபத்தில் வாக்கியம் மாறுகிறது: நான் பானம்பண்ணினாலொழிய இது நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது. மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். “ஒரு மணி நேரமாவது” என்று சீஷரைக் கேட்பதால், முதல் ஜெபத்துக்கே அவ்வளவு நேரம் ஆகியிருக்கலாம் என்று தெரிகிறது. பாவமே செய்யாத குமாரன் விருப்பத்தை மறைக்கவில்லை, ஒரே தடவையில் எழுந்து போகவும் இல்லை. நாம் ஐந்து நாள் எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வார்த்தை வராதவர்கள் இப்படிச் சொல்லலாம்: “பிதாவே, எனக்கு வேண்டியது இது (பெயர் சொல்லி). எனக்குப் பயம் இது (நோட்டின் கடைசி வரி). நீர் காட்டுவது இது. உம்முடைய சித்தம் ஆகட்டும்.” நான்காவது வாக்கியம் தொண்டையில் சிக்கினால் பொய்யாகச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, “எனக்கு மனமில்லை, மனமுள்ளவனாக ஆகும்படி என்னை மாற்றும்” என்று சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால், “மாற வேண்டும் என்ற ஆசையையாவது தாரும்.” விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியர் 2:13 சொல்கிறது, இல்லாத விருப்பத்தைக் கேட்டுப் பெறலாம் என்பதற்கு அதைவிட உறுதி வேண்டாம். ஐந்து நாளில் நான்கு நாள் இந்தக் கடைசி வாக்கியத்திலேயே நின்றாலும் பரவாயில்லை.

இங்கே மிக எளிதாக நடக்கும் தவறு பேரம். “நான் இதை விடுகிறேன், நீர் அந்தப் பிள்ளைக்கு வேலை தாரும்” என்று ஜெபம் நழுவிவிடும். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்து, 1548ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த தியானமுறையில், பத்தாயிரம் பொற்காசு கையில் வந்துவிட்ட மூன்று வகை மனிதரைக் குறித்துத் தியானிக்கச் சொல்வார்கள். மூவருக்கும் அந்தப் பணத்தின்மேல் உள்ள பற்றை விட வேண்டும் என்று ஆசை. முதல் வகையார் சாகும்வரை ஆசைப்பட்டுக்கொண்டே இருந்து ஒன்றும் செய்வதில்லை. இரண்டாம் வகையார் பற்றை விடத் தயார், ஆனால் பணம் தங்களிடமே இருக்க வேண்டும். தாங்கள் நிற்கும் இடத்துக்குத் தேவன் வரட்டும் என்கிறார்கள். மூன்றாம் வகையார் வைத்திருப்பதையும் கொடுப்பதையும் தேவன் கையில் விட்டுவிட்டு, அவர் காட்டும்வரை எதன்மேலும் சாயாமல் இருக்கிறார்கள். உங்கள் ஜெபம் இரண்டாம் வகையில் விழுகிறதா என்று பத்தாம் நாள் ஒருமுறை பாருங்கள். பேரம் பேசுகிறவர் பெரும்பாலும் அங்கேதான் நிற்பார்.

பொருத்தனையும் வேண்டாம். மனம் உருகியிருக்கும் வேளையில் செய்த நேர்த்தி பிறகு கழுத்தை நெரிக்கும். பிரசங்கி 5:5, நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது. பிள்ளையை ஊழியத்துக்கு நேர்ந்துவிடும் பெற்றோர் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும்: பிள்ளையின் சித்தத்தை நீங்கள் ஒப்புக்கொடுக்க முடியாது. உங்கள் ஆசையையும் பயத்தையும் மட்டும்தான் ஒப்புக்கொடுக்க முடியும். அதேபோல் குடும்பச் சேமிப்பைக் கொடுக்கப் போகிறவர், மனைவியோ கணவனோ முழு மனதாகச் சம்மதிக்கும்வரை ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது.

ஐந்தாம் படி: இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஒரு சின்னக் கீழ்ப்படிதல்

பதினொன்றாம் நாள். ஜெபம் செயலாகாவிட்டால் மனம் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகப் பெரிய காரியம் வேண்டாம். குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவர் நாகமானுக்கு, சுகமாக யோர்தானில் ஏழுதரம் முழுக வேண்டும் என்பது மிகச் சின்னதாகப் பட்டது. தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் நல்ல நதிகள் இல்லையா என்று கோபத்தோடு திரும்பினார். பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று ஊழியக்காரர் கேட்ட கேள்விதான் அவரை இறங்கவைத்தது (2 இராஜாக்கள் 5). கூட்டத்தில் சாட்சி சொல்லத் தயாராக இருக்கும் நமக்கு ஒரு போன் பண்ணுவது கஷ்டமாக இருப்பது இதே காரணத்தால்தான்.

காரியம் ஒப்புரவு என்றால்: நேரில் போவது முதல் தெரிவு, முடியாவிட்டால் போன். குரல் கேட்காத எழுத்துச் செய்தி வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். சாப்பாட்டு நேரமும், இரவு ஒன்பதுக்கு மேலும் தவிருங்கள். மூன்று வாக்கியம் போதும்: “அண்ணே, நான்தான் பேசுறேன். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசினது என் தப்பு. மன்னிச்சிடுங்க.” உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். ‘ஆனால்’ என்ற வார்த்தை வந்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். கிணற்றுப் பேச்சை அன்று எடுக்கவே வேண்டாம். அது வேறொரு நாள், வேறொரு பேச்சு. மன்னித்ததால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றும் இல்லை. அவர் திட்டிவிட்டு வைத்துவிட்டால் உங்கள் கீழ்ப்படிதல் குறைந்துவிடாது. ரோமர் 12:18 “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்றுதான் கேட்கிறது.

காரியம் பணம் என்றால்: லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவரிடம் கொடுக்கச் சொல்கிறது. எடுத்தது 10,000 ரூபாய் என்றால் கொடுப்பது 12,000. அது நியாயப்பிரமாணக் கணக்கு. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்க முன்வந்தது அவன் மனமுவந்து சொன்னது. இரண்டையும் உங்கள்மேல் சட்டமாகப் போட்டுக்கொள்ள வேண்டாம், ஆனால் முதலுக்குக் குறையக்கூடாது. முழுத்தொகை இல்லாவிட்டால் முதல் தவணையும் மீதிக்குத் தேதியும். உரியவர் இருக்கும்போது அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுக் கணக்குத் தீர்க்கக்கூடாது. திருப்பிக் கொடுத்தால் வழக்கு வரக்கூடிய நிலை என்றால் முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

காரியம் ஊழிய அழைப்பு என்றால்: ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். திரும்பி வரக்கூடிய சின்ன அடி எடுங்கள். மூன்று மாதம் ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு, அல்லது வாரம் ஒருநாள் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பது. மூன்று மாதம் கழித்துச் சபை மூப்பர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உண்மையான அழைப்பு மூன்று மாதத்தில் செத்துவிடாது.

ஆறாம் படி: எதிர்ப்பு திரும்பி வரும்போது

வரும். அநேகமாக முதல் வாரத்துக்குள், இரவில், அல்லது எதிராளி கசப்பாக ஏதாவது சொன்ன அன்று. அதனால் முன்பு ஒப்புக்கொடுத்தது போலி என்று முடிவு கட்டாதீர்கள். பேதுருவைப் பாருங்கள். யோப்பாவில், யூதர் புசிக்கக்கூடாத மிருகங்களோடு துப்பட்டி ஒன்று இறங்கும் தரிசனத்தில் “புசி” என்ற சத்தம் வந்தபோது “அப்படியல்ல, ஆண்டவரே” என்றார் (அப்போஸ்தலர் 10). மூன்று தரம் காட்டப்பட்ட பிறகு, புறஜாதியானான (யூதரல்லாத) கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனார். புறஜாதியார்மேல் ஆவியானவர் இறங்கியதைக் கண்ணால் கண்டார். அதே பேதுரு பிறகு அந்தியோகியாவில், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும், புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேராகக் கண்டிக்க வேண்டியதாயிற்று (கலாத்தியர் 2). பழைய பயம் புதிய ஆட்கள் வந்ததும் எழுந்தது. கண்டித்துச் சொல்ல ஒரு பவுல் பக்கத்தில் இருந்தது அவருக்குக் கிடைத்த கிருபை. நோட்டோடு ஒரு மூத்த விசுவாசியும் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரவு படுக்கும் முன் பத்து நிமிடம்: இன்று எங்கே இணங்கினேன், எங்கே இறுகினேன், நாளைக்கு எது காத்திருக்கிறது. இறுகிய இடத்தைப் பெயர் சொல்லி மறுபடியும் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். நாலாம் படி முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்த நான்கு வாக்கியம் போதும். வருடத்துக்கு ஒருமுறை சபையோடு சேர்ந்து புதுப்பிப்பதற்கும் வழி உண்டு. 1755 ஆகஸ்டில் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நடத்திய ஒப்புக்கொடுக்கும் வழிபாட்டின் வழியில் வந்த உடன்படிக்கை ஆராதனையைப் பல சபைகள் புதுவருடத்தின் தொடக்கத்தில் நடத்துகின்றன. உங்கள் சபையில் இருந்தால், அதன் ஜெபத்தை முந்தைய நாளே வாசித்து, எந்த வரியை மனதாரச் சொல்ல முடியவில்லை என்று குறித்துக்கொண்டு போங்கள்.

தடம் மாறும் இடங்கள்

வாக்குத்தத்த அட்டையை எடுத்தோ, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தோ முடிவு எடுக்காதீர்கள். அட்டையில் தண்டனை வசனங்கள் அச்சாவதில்லை; எப்போது எடுத்தாலும் நல்ல வார்த்தையே வரும். ஆறுதலுக்கு அது நல்லது, திசை காட்ட அது போதாது. அடையாளம் கேட்டுக் கிதியோன் விரித்த தோலை உதாரணம் காட்டுகிறவர்கள், தேவன் அவரை ஏற்கெனவே தெளிவாக அனுப்பிய பிறகுதான் அவர் தோலைப் போட்டார் என்பதை நியாயாதிபதிகள் 6ல் பார்க்க வேண்டும்.

உபவாசம் செய்வதானால் முதல் தடவை ஒரு வேளை மட்டும், தண்ணீர் குடித்துக்கொண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் சாப்பாட்டை விடாமல், தொலைக்காட்சியையோ கைபேசியையோ விட்டுவிடலாம்.

மனம் இருண்டு, ஜெபம் வறண்டு கிடக்கும் நாட்களில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தில் நில்லுங்கள் என்பதும் இஞ்ஞாசியாரின் விதிதான். அந்த இருள் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் போய், சாகலாம் போல் தோன்றினால், அதை ஆவிக்குரிய எதிர்ப்பு என்று எண்ணி உங்களை நீங்களே வாட்டாதீர்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாவைக் கேட்டுப் படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது கட்டளை இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், பிறகு தூக்கமும், மறுபடியும் சாப்பாடும்தான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்ற வார்த்தை அந்த இரண்டாவது சாப்பாட்டோடுதான் வந்தது. மருத்துவரைப் பாருங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ல் தமிழிலும் பேசலாம்.

பதினான்காம் நாள், தொடக்கத்தில் சொன்ன அந்த முதிர்ந்த விசுவாசியிடம் நோட்டோடு போங்கள். எல்லாப் பக்கத்தையும் காட்ட வேண்டியதில்லை. மூன்றை மட்டும் சொல்லுங்கள்: வட்டம் போட்ட காரியம், பக்கத்தின் கடைசி வரி, இருபத்துநாலு மணி நேரத்தில் செய்தது அல்லது செய்யாமல் விட்டது. செய்யாமல் விட்டிருந்தால் அந்த அடியைப் பாதியாகக் குறைத்து, புதிய தேதி ஒன்றை அவர் முன்னாலேயே எழுதுங்கள். நேரில் போக முடியாதவர் போன் பண்ணலாம், போன் பண்ண முடியாதவர் முதலில் நம்பரைத் தேடி நோட்டில் எழுதி வைக்கலாம். அந்தத் தேதிக்கு மறுநாள் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டு, சேர்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.